நீள்விடுமுறைக்கு எங்கே: செஸ்டர் ஏரியா, ராஜர்ஸ் பாஸா, ரிசார்ட்டா?

பிப்ரவரி மூன்றாம் திங்கட்கிழமை கனடாவின் ஆல்பர்ட்டாவில் குடும்ப தினம். சனி, ஞாயிறோடு சேர்த்தால் மூன்று நாள் கையில் இருக்கும். கல்கரியில் இருக்கும் நாங்கள் நாலு பேர் ஸ்கீ பழகி ஐந்து வருஷம் ஆகிறது. லிஃப்ட் இல்லாத மலையில் ஸ்கீக்கு அடியில் வழுக்காமல் பிடிக்கும் 'ஸ்கின்' பட்டையை ஒட்டி, நாமே ஏறி நாமே இறங்குவது இது இரண்டாவது குளிர்காலம். நாலு பேரும் இரண்டு நாள் பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பு முடித்திருக்கிறோம். அதற்கு மேல் படிப்போ அனுபவமோ இல்லை.

ஜனவரி பிறந்ததுமே பேச்சு தொடங்கிவிடும். கிட்டத்தில் கனனாஸ்கிஸ் மலைப்பகுதி இருக்கும்போது எதற்கு அலைச்சல் என்பார் ஒருவர். இத்தனை வருஷம் இங்கே இருந்துவிட்டு மேற்கே உள்ள ராஜர்ஸ் பாஸ் கணவாய்க்குப் போகாமல் இருப்பதா என்பார் இன்னொருவர். பேசாமல் லிஃப்ட் உள்ள ஸ்கீ ரிசார்ட்டுக்குப் போவோம், பிள்ளைகளும் வரலாம் என்பது மூன்றாமவர் கட்சி. கைடு ஒருவரை வைத்துக்கொண்டு போகலாம் என்ற நாலாவது யோசனையைச் செலவு கருதிப் போன வருஷம் தள்ளிப்போட்டோம். இந்த வருஷம் நாலையும் நிதானமாக எடைபோட்டுப் பார்த்தேன். எங்கள் நிலையில் இருக்கும் நண்பர்களுக்கு உதவும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த இடங்களில் பனி மிக மோசமாக இருப்பது கனனாஸ்கிஸில். ஆனாலும் நாங்கள் நாலு பேராகப் போவதென்றால் கனனாஸ்கிஸில் உள்ள செஸ்டர் ஏரிக்குத்தான் போவோம். பனி மிக நன்றாக இருக்கும் ராஜர்ஸ் பாஸுக்கு, கைடு இல்லாமல் இந்த வருஷமும் போக மாட்டோம். முரணாகத் தெரியும். ஏன் அப்படி என்று சொல்வதற்குத்தான் மீதிக் கட்டுரை.

முதலில் கனனாஸ்கிஸ் பனியைப் பற்றி. போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, மரங்கள் முடிகிற எல்லைக்குச் சற்றுக் கீழே, சமமான இடமாகப் பார்த்துக் குழி தோண்டினோம். மேலே காற்று அடித்து இறுக்கிய பாளம் அரை மீட்டருக்கும் மேல். பனி அள்ளும் ஷவலின் நுனியால் தட்டினால் 'டக் டக்' என்று பலகைச் சத்தம் கேட்டது. அதற்குக் கீழே ஷவல் தடையே இல்லாமல் உள்ளே போனது. எங்களோடு வந்த யாழ்ப்பாணத்துத் தம்பி கையுறையோடு அந்த அடுக்கைச் சுரண்டினான். பனி கையில் ஒட்டவில்லை, உருண்டை பிடிக்க வரவில்லை. விரலிடுக்கில் பொலபொலவென்று கொட்டியது. "அண்ணை, சீனி மாதிரியெல்லோ கொட்டுது!" என்றான். தரை வரைக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு சாண் உயரச் சீனிமேல் சிமென்ட் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்தால் என்ன ஆகுமோ, அதுதான் அந்த மலைப்பக்கம் முழுக்க இருந்தது.

இந்தச் சீனி எப்படி வருகிறது? பனிக்கு அடியில் தரை ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்கும். மேலே காற்று மைனஸ் 20 என்று வைத்துக்கொள்வோம். பனி 1 மீட்டர்தான் தடிமன் என்றால், 10 சென்டிமீட்டருக்கு 2 டிகிரி வித்தியாசம். வித்தியாசம் 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரியைத் தாண்டினாலே நீராவி பனித்துகள்களுக்கு இடையே வேகமாக மேலேறி, வழியில் மறுபடி உறைந்து, கோணல் கோணலான பளபளப்புப் படிகங்களாக மாறும். அந்தப் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. அதே குளிரில் பனி 3 மீட்டர் தடிமன் என்றால், 10 சென்டிமீட்டருக்கு முக்கால் டிகிரிகூட வராது. அங்கே துகள்கள் உருண்டையாகி, ஒன்றையொன்று பற்றி, நாளாக ஆக இறுகும்.

ராக்கி மலைகளின் கிழக்குப் பக்கம் கடலில் இருந்து வெகு தூரம். ஈரக் காற்று இங்கே வந்து சேரும் முன் வழியில் இரண்டு மூன்று மலைத்தொடர்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. எங்களுக்கு மிஞ்சுவது குறைந்த பனியும் நிறையக் குளிரும். நவம்பரில் விழுந்த பனி ஜனவரிக்குள் சீனியாகிவிடும். பிறகு மலையில் இருந்து இறங்கும் வெதுவெதுப்பான சினூக் காற்று வந்து உச்சியில் இருப்பதை அள்ளி ஒரு பக்கம் சேர்த்துப் பாளமாக இறுக்கும். இந்தச் சீனி அடுக்கு வாரக்கணக்கில் இல்லை, மாதக்கணக்கில் கீழே கிடக்கும். வசந்தம் வரைக்கும் கிடந்த வருஷங்கள் உண்டு.

புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். பனி குறைவாக இருப்பதைப் பார்த்தால் ஆபத்தும் குறைவு என்று தோன்றும். பாறைகள் அங்கங்கே துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்து, இதில் சரிய என்ன இருக்கிறது என்று நினைப்போம். அந்தப் பாறையைச் சுற்றித்தான் பனி மிகவும் மெல்லியது. ஆளின் எடை மேலிருந்து ஏறத்தாழ 1 மீட்டர் ஆழம் வரைதான் உறைக்கும் என்பார்கள். ஆகவே மெல்லிய இடத்தில் காலை வைத்தால் எடை நேராகச் சீனி அடுக்கில் போய் விழும். அங்கே விழுகிற ஒரு விரிசல் பக்கவாட்டில் ஓடி, தடித்த பனி இருக்கிற முழுச் சாய்வையும் பெயர்த்துவிடும். பத்துப் பேர் போன தடத்தில் பதினோராவது ஆள் தூண்டிவிடுவது இப்படித்தான். நமக்கு முன்னால் தடம் கிடக்கிறது என்பதை வைத்துச் சாய்வை நம்பக் கூடாது.

அந்தச் சீனி அடுக்கின் குரலையும் ஒரு முறை கேட்டிருக்கிறேன். மரங்களுக்கு நடுவே, ஏறத்தாழ சமதரையில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தோம். அரிசி மூட்டையைத் தோளில் இருந்து தொப்பென்று இறக்கியது மாதிரி காலுக்கடியில் ஒரு சத்தம். 'தும்'. நான் நின்ற இடம் ஓர் அங்குலம் இறங்கியது உடம்புக்குத் தெரிந்தது. பத்தடி தள்ளி நின்ற சின்ன ஸ்ப்ரூஸ் மரத்தின் கிளையில் இருந்து பனி உதிர்ந்தது. தரை சமமாக இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அதே அமுங்கல் ஒரு சாய்வில் நடந்திருந்தால் சாய்வே கிளம்பியிருக்கும். யாரும் எதுவும் பேசவில்லை, அப்படியே திரும்பி வந்தோம். பயிற்சி வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருந்தாலும், காலுக்கடியில் கேட்ட பிறகுதான் அது மனதில் பதிந்தது.

இவ்வளவு சொல்லிவிட்டு அங்கேயே ஏன் போகிறாய் என்று கேட்பீர்கள். சாய்வுக்காகத்தான்.

பாளமாகப் பெயர்ந்து வரும் பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சாய்வில் கிளம்புகிறது. 38 டிகிரியை ஒட்டித்தான் மிக அதிகம். 30க்குக் கீழே பனி எவ்வளவு கெட்டுக் கிடந்தாலும், அது கிளம்பி ஓடுவது அரிது. பனியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை என்னால் சரியாகக் கணிக்க முடியாது. ஒரு குழி தோண்டினால் அந்த ஒரு இடத்தைப் பற்றித்தான் தெரியும், இருபது மீட்டர் தள்ளி வேறு கதை. இருபது வருஷம் மலையில் கழித்தவர்களே அதில் தவறியிருக்கிறார்கள். ஆனால் சாய்வை அளக்க அனுபவம் வேண்டாம். திசைகாட்டியில் சாய்வுமானி இருக்கிறது, கைபேசியிலும் இருக்கிறது. வரைபடச் செயலிகளில் 30 டிகிரிக்கு மேற்பட்ட நிலத்துக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் பூசிக் காட்டுகிறார்கள். வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: பத்துப் பதினைந்து மீட்டர் உயரமே உள்ள சின்ன மேட்டின் செங்குத்து வரைபடத்தில் தெரியாது. அந்த அளவு சாய்வே ஆளைப் புதைக்கப் போதும், அதிலும் கீழே ஓடைப் பள்ளம் இருந்தால். அதனால் வரைபடம் வெள்ளையாக இருந்தாலும் அங்கே போய்க் கண்ணாலும் பார்க்க வேண்டும்.

கூடவே கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: தலைக்கு மேலே என்ன இருக்கிறது? நாம் நிற்கும் இடம் சமதரைதான், ஆனால் அது மேலே உள்ள செங்குத்தில் இருந்து வரும் பனி ஓடி வந்து நிற்கும் இடமாக இருக்கலாம்.

இந்த இரண்டு கேள்விக்கும் செஸ்டர் ஏரி நல்ல பதில் சொல்கிறது. கல்கரியில் இருந்து இரண்டு மணி நேரத்துப் பயணம், கடைசிப் பகுதி 742ஆம் எண் சரளைச் சாலை. வண்டி நிறுத்துமிடத்தில் இருந்து ஏரிக்கு ஏறத்தாழ 300 மீட்டர் ஏற்றம்தான், பெரும்பாலும் காட்டுக்குள்ளேயே வழி. பனியில் புதையாமல் நடக்கும் அகலக் காலணியான ஸ்னோ ஷூ போட்டவர்களுக்குத் தனித் தடமும் ஸ்கீக்குத் தனித் தடமும் உண்டு. ஸ்கீ தெரியாத குடும்பத்தாரும் அதே நாளில் வந்துவிடலாம். மேலே போனால் லார்ச் மரங்களும் திறந்த புல்வெளியும், எதிரே செஸ்டர் மலை. கனடாவில் பனிச்சரிவு நிலத்தை 'எளிது, சவாலானது, சிக்கலானது' முதலிய தரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஏரி வரையிலான வழி 'எளிது'. ஏரியைத் தாண்டி மலையடிக்குப் போனால் அந்தத் தரம் செல்லாது. நாங்கள் ஏரிக்கரையோடு நின்றுகொள்வோம்.

குறை இல்லாமல் இல்லை. இறங்குவதில் பெரிய ருசி இல்லை. காட்டுப் பாதையில் வளைந்து வளைந்து வர வேண்டும், விடுமுறையில் கூட்டமும் தாங்காது. 742 சாலையில் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது, செயற்கைக்கோள் கருவி ஒன்று பையில் இருந்தாக வேண்டும். கனனாஸ்கிஸ் அனுமதிச் சீட்டு வண்டிக்கு நாளொன்றுக்கு 15 டாலர். சாலைக்கு எதிர்ப்புறம் தொடங்கும் பர்ஸ்டால் பாஸ் வழி இதைவிட அழகு என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அதன் மேல்பகுதியில் பனிச்சரிவு நிலத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். பனி சீனியாகக் கிடக்கிற வருஷத்தில் அங்கே எனக்கு வேலை இல்லை.

இப்போது ராஜர்ஸ் பாஸ். ராக்கீஸுக்கு மேற்கே செல்கர்க் மலைகளில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் கிளேசியர் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. கல்கரியில் இருந்து ஏறத்தாழ 340 கிலோமீட்டர், குளிர்காலத்தில் நாலரை மணி நேரமாவது ஆகும். சாலை மட்டத்திலேயே வருஷத்துக்கு ஏறத்தாழ 10 மீட்டர் பனி கொட்டும். பிப்ரவரியில் மர எல்லையில் 2, 3 மீட்டர் பனி கிடப்பது சாதாரணம். மேலே சொன்ன கணக்குப்படி அடித்தளம் பெரும்பாலும் கெட்டி. புயல் வந்து 40 சென்டிமீட்டர் கொட்டினால் ஒன்றிரண்டு நாள் ஆபத்து எகிறும், பிறகு புதுப்பனி படிந்து இறுகிவிடும். கனனாஸ்கிஸ் மாதிரி நவம்பர்க் கணக்கை மார்ச் வரை தூக்கிக்கொண்டு திரிவதில்லை. ஸ்கீ போடுகிறவனுக்கு அது சொர்க்கம், அதில் இரண்டு பேச்சு இல்லை. முழங்கால் வரைக்கும் பஞ்சு மாதிரிப் பனி, ஒரே இறக்கத்தில் ஆயிரம் மீட்டர்.

அங்கேயும் மறைந்திருக்கிற அடுக்குகள் உண்டு. தெளிந்த, காற்றில்லாத இரவுகளில் பனியின் மேல்பரப்பில் இறகு இறகாக உறைபனி முளைக்கும். காலை வெயிலில் பார்த்தால் மல்லிகைப் பந்தல் மாதிரி மினுங்கும், அத்தனை அழகு. அடுத்த புயல் அதன்மேல் மெத்தென்று மூடிவிட்டால், அந்த இறகுகள் நின்ற நிலையிலேயே உள்ளே மாட்டிக்கொள்ளும். மேலே சேர்ந்த பாளத்துக்கும் கீழே இருக்கும் பழைய பனிக்கும் நடுவே அட்டைச் சீட்டுகளை நிறுத்தி வைத்தது போல. இந்த அடுக்கு சில வாரங்களுக்கு ஆளைக் கொல்லும். ஜனவரி, பிப்ரவரியில், செல்கர்க் அடங்கிய கொலம்பியா மலைகளின் பனிச்சரிவு முன்னறிவிப்பில் இதன் பெயர் அடிக்கடி வரும்.

ஆனால் ராஜர்ஸ் பாஸை நான் தள்ளி வைப்பதற்குக் காரணம் பனி இல்லை, நிலம். மலைகள் சாலையில் இருந்தே செங்குத்தாக எழுகின்றன. பள்ளத்தாக்கில் நடந்தாலும் இரு பக்கமும் ஆயிரம் மீட்டருக்கு மேல் சாய்வுகள் தலைக்கு மேல் தொங்கும். சுமார் 40 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் 134 பனிச்சரிவுத் தடங்கள் இறங்குகின்றன. 1962இல் அந்தச் சாலை திறந்தது முதல் ராணுவத்தின் 105 மில்லிமீட்டர் பீரங்கியால் மேலே சுட்டு, பனியைக் கட்டுப்பாட்டோடு இறக்கிவிடும் வேலை நடந்து வந்திருக்கிறது. அதனால்தான் ஸ்கீ போடுகிறவர்களுக்குக் குளிர்கால அனுமதி முறை. எந்தப் பகுதி இன்று திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று தினமும் காலையில் அறிவிப்பார்கள். மூடிய பகுதிக்குள் போனால் குண்டு விழும் இடத்துக்குள் போவதாக அர்த்தம்.

அந்த இடத்தின் வரலாறே அப்படி. 1910 மார்ச் 4ஆம் தேதி இரவு, ஒரு பக்கத்து மலையில் இருந்து சரிந்து ரயில் பாதையை மூடிய பனியைத் தொழிலாளர்கள் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அப்போது எதிர்ப்பக்கத்து மலையில் இருந்து இன்னொரு சரிவு வந்து விழுந்தது. 58 பேர் இறந்தார்கள், அவர்களில் 32 பேர் ஜப்பானில் இருந்து பிழைக்க வந்தவர்கள். அதற்குப் பிறகுதான் மலைக்கு அடியில் கனாட் சுரங்கம் தோண்டி, 1916இல் ரயிலை உள்ளே திருப்பினார்கள்.

கல்கரிக்காரர்களுக்கு இன்னும் கிட்டத்து வலி 2003 பிப்ரவரி 1. கல்கரிக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றைச் சேர்ந்த 14 மாணவர்களும் 3 பெரியவர்களும் கனாட் ஓடைப் பள்ளத்தாக்கில் ஸ்கீயில் போய்க்கொண்டிருந்தார்கள். எந்தச் செங்குத்திலும் அவர்கள் ஏறவில்லை. பள்ளத்தாக்கின் அடியில்தான் இருந்தார்கள். மேலே சியோப்ஸ் மலையின் வடக்கு முகம் தானாகவே கழன்று வந்தது. ஏழு மாணவர்கள் இறந்தார்கள். புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சிக்னல் கருவியான பீக்கன் பதினேழு பேரிடமும் இருந்தது, எதிர்ச் சாய்வில் இருந்த இரண்டு மலை வழிகாட்டிகள் பார்த்துவிட்டு உடனே ஓடி வந்து தோண்டினார்கள். அப்படியும் ஏழு பேர். அதற்கு 12 நாள் முன்பு அதே செல்கர்க் மலைகளில் இன்னொரு சரிவில் ஏழு பெரியவர்கள் இறந்திருந்தார்கள். அந்தக் குளிர்காலம் கனடாவில் மொத்தம் 29 உயிர்களைக் கொண்டுபோனது. நான் மேலே சொன்ன 'எளிது, சவாலானது, சிக்கலானது' என்ற தரப்பிரிவு அந்தப் பிள்ளைகளின் சாவுக்குப் பிறகு பூங்கா நிர்வாகம் உண்டாக்கியது. 2004இல் கனடா முழுமைக்கும் பனிச்சரிவு அமைப்பு ஒன்று பிறந்ததும் அந்தத் துயரத்தின் தொடர்ச்சிதான். இன்று நாம் தினமும் கைபேசியில் திறந்து பார்க்கும் 'அவலாஞ்ச் கனடா' அதுவே.

என் மகளுக்கு இப்போது பதினான்கு வயது. கனாட் பள்ளத்தாக்கின் வரைபடத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளைகள் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

இரண்டு இடத்தையும் முன்னறிவிப்பின் ஒரே ஆபத்து அளவில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெளிவாகும். ஆபத்து அளவு 1 முதல் 5 வரை: குறைவு, மிதம், கணிசம், அதிகம், உச்சம். மர எல்லைக்கு மேல், மர எல்லை, அதற்குக் கீழே என்று மூன்று உயரத்துக்கும் தனித்தனியாகத் தருவார்கள். எண் 3 என்றால் நம் நெஞ்சு அதை நடுத்தரம் என்று எடுத்துக்கொள்ளும், பரீட்சையில் ஐந்துக்கு மூன்று மாதிரி. அதன் அர்த்தம் அதுவல்ல. பனிச்சரிவு தானாகவே விழக்கூடும், ஆள் போனால் தூண்டிவிட வாய்ப்பு மிகுதி என்பதுதான் 3. ஒவ்வொரு படியும் முந்தியதைவிடப் பல மடங்கு. வானம் தெளிந்து, நாள் பார்க்க நன்றாக இருக்கும்போது 3 என்று போட்டிருந்தால் ஆட்கள் கிளம்பிவிடுகிறார்கள். சாவுகள் நிறைய நடப்பது இந்த எண்ணில்தான்.

கனனாஸ்கிஸில் 3 என்று போட்டிருக்கும் நாளில் செஸ்டர் ஏரிக்கு நான் குடும்பத்தோடு போவேன். தடத்தின் மேல் பெரிய சாய்வு தொங்கவில்லை, கால் வைக்கும் இடம் 30 டிகிரிக்குக் கீழே. பனி எத்தனை கெட்டிருந்தாலும் அதன் கோபம் எங்களை எட்டாது. ராஜர்ஸ் பாஸில் 3 என்றால், தொங்கும் சாய்வுகளுக்கு அடியில் எங்கே வேகமாகக் கடக்க வேண்டும், எங்கே நிற்கக் கூடாது, எந்த மரத்திட்டு காப்பு, எந்த நேரத்தில் வெயில் எந்த முகத்தில் படும் என்பதையெல்லாம் வழியெங்கும் முடிவு செய்துகொண்டே போக வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனி முடிவு, ஒவ்வொன்றிலும் தவறலாம். எங்கள் நாலு பேருக்கும் அந்தத் தேர்ச்சி இல்லை. நல்ல பனியை நம்பிப் பெரிய மலைக்குப் போவதைவிட, கெட்ட பனியோடு சின்ன மலையில் இருப்பது எங்களுக்கு நிம்மதி.

பயணச் சிரமமும் இருக்கிறது. பீரங்கி சுடும்போதும் புயலிலும் நெடுஞ்சாலையை மூடிவிடுவார்கள், மணிக்கணக்கில் வண்டியிலேயே உட்கார வேண்டி வரும். மூன்று நாள் விடுமுறையில் ஒரு நாள் அப்படியே போனால், மீதி நாளில் 'இவ்வளவு தூரம் வந்தோமே' என்ற எண்ணம் புகுந்துவிடும். அந்த எண்ணத்துக்கு நான் பனியைவிட அதிகம் பயப்படுகிறேன். 340 கிலோமீட்டர் ஓட்டி, இரண்டு ராத்திரி அறைக்குப் பணம் கட்டியவன் காலையில் எழுந்து "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்வது கடினம். செஸ்டர் ஏரியில் இருந்து திரும்புவதென்றால் வீணாவது அரை டாங்க் பெட்ரோல்தான்.

ரிசார்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லேக் லூயிஸ், சன்ஷைன், நகிஸ்கா எதுவானாலும் எல்லைக் கயிற்றுக்கு உள்ளே இருக்கும் சாய்வுகளில் தேவையான இடத்தில் வெடி வைத்துப் பனியை இறக்கி, சோதித்துவிட்டுத்தான் திறக்கிறார்கள். ஆபத்து அளவு 4, 5 என்று இருக்கும் நாளில் ஸ்கீ போட வேண்டுமானால் அங்கேதான் போட வேண்டும். கயிற்றைத் தாண்டிய அடுத்த அடியிலேயே அந்தக் காப்பு முடிந்துவிடுகிறது என்பதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். லிஃப்டில் இருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே பனியாகத்தான் தெரியும். சன்ஷைனில் டெலிரியம் டைவ் என்ற பகுதி ரிசார்ட்டுக்குச் சொந்தமானதுதான். அதற்குள் போகவே பீக்கன், ஷவல், பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பியான புரோப், கூட ஒரு ஆள் என்று எல்லாம் இருந்தால்தான் கதவைத் தாண்ட விடுகிறார்கள்.

கைடு யோசனைக்கு இந்த முறை மனம் மாறிவிட்டது. கனடிய மலை வழிகாட்டிகள் சங்கத்தின் சான்று பெற்றவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஆகும் பணம் பல நூறு டாலர், நாலாகப் பிரித்தாலும் உறைக்கும். ஆனால் அந்தப் பணத்துக்கு மேலே சொன்ன முடிவுகளை ஒருவர் எப்படி எடுக்கிறார் என்பதைப் பக்கத்தில் நின்று ஒரு நாள் முழுக்கப் பார்க்கலாம். ஏன் இங்கே நிற்கிறோம், ஏன் ஒவ்வொருவராகக் கடக்கிறோம், ஏன் இந்த இறக்கத்தை விட்டுவிட்டோம் என்று கேட்டால் சொல்வார்கள். புது ஸ்கீ ஒரு ஜோடி வாங்குகிற பணம் அதைவிட அதிகம். ஸ்கீயை அடுத்த வருஷம் வாங்கிக்கொள்ளலாம்.

கடற்கரை மலைகளை, அதாவது விஸ்லர் பக்கத்தை, ஏன் சேர்க்கவில்லை என்று ஒருவர் கேட்டார். அங்கே பனி தடித்தது, ஈரமானது, வேகமாக இறுகுவது, உண்மைதான். ஆனால் கல்கரிக்காரர்கள் விமானம் ஏறிப் போக வேண்டும். 'இவ்வளவு தூரம் வந்தோமே' என்ற எண்ணம் அங்கே இரட்டிப்பாகிவிடும்.

எங்கே போனாலும் பீக்கன், புரோப், ஷவல் மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு கிடையாது. புதைந்தவரை முதல் 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த எண்ணிக்கை சடசடவென்று இறங்கிவிடும். ஹெலிகாப்டர் வரும் வரை காத்திருக்க நேரம் இல்லை, கூட இருக்கிறவன்தான் எடுக்க வேண்டும். நவம்பரில் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில், பழைய ஜாக்கெட்டுக்குள் பீக்கன் ஒன்றை வைத்து அரை மீட்டர் ஆழத்தில் புதைத்துப் பழகினோம். முதல் தடவை 14 நிமிடம் ஆனது. பீக்கன் சொன்ன இடத்துக்கு வந்துவிட்டு, பதற்றத்தில் புரோப் குத்தாமலே தோண்டத் தொடங்கியதுதான் தவறு. எட்டாவது தடவை 5 நிமிடத்துக்குள் வந்தது. அது மென்பனி. பனிச்சரிவு ஓடி நின்றதும் சிமென்ட் மாதிரி இறுகிவிடும், தோண்டவே பத்து நிமிடம் போகலாம். தவிர, கனடாவில் பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் மரத்திலும் பாறையிலும் மோதிய அடியால் இறக்கிறார்கள். அவர்களுக்கு எந்தப் பீக்கனும் உதவாது. அதனால் கருவி பையில் இருக்கிறது என்பதற்காக ஒரு டிகிரிகூடச் செங்குத்தான சாய்வுக்குப் போகக் கூடாது என்று எங்களுக்குள் ஒப்பந்தம்.

எல்லாம் சேர்த்து இந்த விடுமுறைக்கு நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு இதுதான். வெள்ளி மாலை முன்னறிவிப்பு வந்ததும் நாலு பேரும் தனித்தனியாகப் படித்துவிட்டுப் பிறகு பேசுவோம், ஒருவர் வேண்டாம் என்றாலும் விவாதம் இல்லாமல் விட்டுவிடுவோம். எண் 3 வரை என்றால் சனிக்கிழமை செஸ்டர் ஏரி, குடும்பங்கள் ஸ்னோ ஷூவில். 4 என்றால் நேராக நகிஸ்கா. ஞாயிறு ரிசார்ட், திங்கள் வீடு. ராஜர்ஸ் பாஸுக்கு மார்ச் இரண்டாவது வாரத்தில் இரண்டு நாள் கைடு பேசி முன்பணம் கட்டியாகிவிட்டது. அதற்குள் யாழ்ப்பாணத்துத் தம்பியின் பீக்கனுக்குப் புது பேட்டரி போட வேண்டும். போன வாரம் மைனஸ் 25இல் சோதித்தபோது, காலையில் 90 சதவீதம் காட்டியது மதியத்துக்குள் 60க்கு வந்திருந்தது.